பயன்பாட்டு வகை: கல்விக்கூடம்

என் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் பிறப்புப் பதிவு முதல் வீட்டு வரி வரை எந்தப் படிவம் வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். நீங்கள் விசாரணைக்காக என் முன்னால் வைத்திருக்கும் இந்தத் தீப் பாதுகாப்புப் படிவமும் நான் நிரப்பியதுதான். கீழே தம்பியின் பெயருக்கு மேல் இருக்கும் கையொப்பமும் நான் போட்டது. தம்பியிடம் அண்ணன் அனுமதி கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

ஒன்பதாவது கேள்வியைப் பாருங்கள். எங்கள் மரவேலைப் பள்ளிக் கட்டடத்தின் பயன்பாட்டு வகை. தொழிற்கூடம், கல்விக்கூடம் என்று இரண்டு கட்டங்கள். நான் இரண்டாவதில் குறியிட்டேன். முதலாவதில் குறித்திருந்தால், மரம் அறுக்கும் இயந்திரங்கள் உள்ள அவ்வளவு பெரிய இடத்துக்குக் கூரை முழுவதும் ஸ்பிரிங்க்ளர் குழாய் போட்டாக வேண்டும். சூடேறினால் தானே திறந்து தண்ணீரைக் கொட்டும். கல்விக்கூடம் என்றால், எங்கள் அளவுக்கு, அது கட்டாயமில்லை. செலவுக்குப் பயந்து செய்தேன் என்று செய்தித்தாளில் எழுதினார்கள். அது தவறு. எனக்கு அந்தக் குழாயோடு பகை இல்லை. முதல் கட்டத்துக்கு எதிரே இருந்த சொல்லோடுதான்.

அப்பா தச்சர். பெரிய வீடுகளில் அவரைப் பின்வாசல் வழியாகத்தான் விடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. "ஏ பட்டறை, இந்தக் கால் ஆடுது பாரு" என்பார்கள். அவர் போன பிறகு நானும் தம்பியும் அவருடைய இடத்தை மரவேலைப் பயிற்சிப் பள்ளியாக மாற்றினோம். நிர்வாகம் நான், ஆசிரியர் அவன். வருடத்துக்குப் பதினான்கு பேர் படித்தார்கள்.

என் மகளைக் கொடுத்த இடம் வக்கீல் குடும்பம். கல்வி நிறுவனம் நடத்துகிறோம் என்று சொல்லித்தான் பெண் கொடுத்தேன். சம்பந்தி அதைக் கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொள்ளவில்லை. பத்துப் பேர் கூடியிருக்கும் இடமாகப் பார்த்து, "என்ன சம்பந்தி, பட்டறை நல்லா ஓடுதா? என் நாற்காலிக்கு ஒரு கால் போட்டுக் குடுங்க, நமக்குள்ள கூலியெல்லாம் கேக்க மாட்டீங்கல்ல?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் மகள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வாள்.

படிவம் கொடுப்பதற்கு முன் தீயணைப்பு அதிகாரி ஒருவர் வந்து பொறுமையாக விளக்கினார். "பேரு என்னவா வேணா இருக்கட்டுங்க. உள்ள என்ன நடக்குது, எவ்வளவு தூள் பறக்குது, என்ன எண்ணெய் வெச்சிருக்கீங்க, அதான் கணக்கு. பள்ளிக்கூடம்னு போர்டு மாட்டினா தூள் எரியாம இருந்துடுமா?"

அவர் போனதும் தம்பி சொன்னான்: "அண்ணே, அவரு சொல்றது நியாயந்தானே. குழாயைப் போட்டுருவோம். பட்டறைன்னு எழுதினா நம்ம கையில என்ன குறைஞ்சிடப் போகுது?"

"உன் கையில ஏற்கெனவே ஒரு விரல் குறைச்சல்தான்" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். "அதனாலதாண்ணே சொல்றேன்."

"அப்பா பேருல நடக்கிற இடம்டா. அப்படி எழுத எனக்குக் கை வராது."

என்னை எதிர்த்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

ஆய்வுக்காக இடத்தைத் தயார் செய்தோம். இயந்திரங்களுக்கு உறை போட்டோம். மரத்தூளை மூட்டை கட்டி, வாசலை ஒட்டிய சின்ன அறையில் அடுக்கினோம். தெருவைப் பார்த்த சுவரில், வண்டியிலிருந்து மரம் இறக்குவதற்கு ஓர் அகலமான கதவு இருந்தது. பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு கதவுக்கு வேலை இல்லை. பூட்டி, உட்பக்கம் அதன் மேல் கரும்பலகையை அறையச் சொன்னேன். வெளிப்பக்கம், கதவு முழுவதும் மறையும்படி தேக்கில் ஒரு பெயர்ப்பலகை. மேலே அப்பாவின் பெயர், கீழே பள்ளியின் பெயர். எழுத்துகளைத் தம்பிதான் செதுக்கினான்.

"ஏதாவது ஒண்ணுன்னா, கரும்பலகையில இருக்கிற கணக்கைப் போட்டு முடிச்சாத்தான் வெளிய விடுவியாண்ணே?" என்று கேட்டான். நானும் சிரித்தேன். ஆய்வுக்கு வந்தவர் வேறு ஆள், அவசரத்தில் இருந்தார். சான்றிதழ் வந்தது. இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை.

துணிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைச் சுருட்டி வைக்கக் கூடாது. சுருட்டினால் உள்ளுக்குள்ளேயே சூடேறி, சில மணி நேரத்தில், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போட வேண்டும். நான் இதைப் பத்து வயதில் தெரிந்துகொண்டேன். தம்பி தன் மாணவர்களுக்கு நடத்தும் முதல் பாடமே இதுதான்.

அன்று பதினொரு மணிக்குச் சம்பந்தி தன் நண்பர்கள் இருவரோடு பள்ளியைப் பார்க்க வருவதாக இருந்தது. பத்தரைக்கு நான் போனபோது, வாசலில் நுழைந்ததும் கண்ணில் பட்டது அந்தக் கொடிதான். சற்று முன் துடைத்து, எண்ணெய் ஈரத்தோடு தொங்கிய முப்பது அழுக்குத் துணிகள். அதைப் பார்த்தால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். தம்பி உள்ளே பாடத்தில் இருந்தான். துணிகளை நானே உருவி, சாக்கில் திணித்து, வாயைக் கட்டி, தூள் அறையில் மூட்டைகளுக்கு நடுவே வைத்தேன். அவர்கள் போனதும் திரும்ப விரித்துவிட நினைத்திருந்தேன்.

சம்பந்தி சுற்றிப் பார்த்தார். "பரவாயில்லையே சம்பந்தி, காலேஜ் மாதிரியில்ல இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் மூன்று வருடம் காத்திருந்தேன். அவர்களைச் சாப்பிட அழைத்துப் போனேன். வயிறும் மனமும் நிறைந்திருந்தன. சாக்கு என் நினைவுக்கே வரவில்லை.

மூன்று மணிக்குத் திரும்பினேன். தெருமுனையிலேயே புகை தெரிந்தது. தீயணைப்பு வண்டி வந்திருந்தது. தூள் அறை வாசலை ஒட்டி இருந்ததால் வாசல் போய்விட்டது. பன்னிரண்டு பேர் முதலிலேயே வெளியே வந்துவிட்டார்கள். லாரி ஓட்டிக்கொண்டிருந்து, முதுகு வலியால் தொழில் மாற்ற வந்தவர் ஒருவரும், இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருத்தியும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அவர்களைக் கூட்டிவரத் தம்பி திரும்பப் போனான் என்று சொன்னார்கள். மூவரும் வரவில்லை. மேலே குழாய் இருந்திருந்தால் நெருப்பு அந்தச் சின்ன அறையோடு முடிந்திருக்கும் என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. இருக்கலாம்.

அதே அறிக்கையில், எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி வைத்தது ஆசிரியரின் கவனக்குறைவு என்றும் இருக்கிறது. ஆறு மாதம் நான் அதை மறுக்கவில்லை. போன வாரம் தம்பி மனைவி அந்தத் தாளோடு என் முன் வந்து நின்றாள். "மாமா, அடுப்பு துடைக்கிற துணியக்கூட விரிச்சுப் போடுன்னு என்னைத் திட்டுற மனுஷன். அவரையா தொழில் தெரியாதவர்னு எழுதுவாங்க? நீங்க பாத்துக்கிட்டா இருக்கீங்க?" என்றாள். அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அதனால்தான் வந்தேன். எங்கள் குடும்பத்தில் தொழில் தெரியாதவன் என்று யாரும் பெயர் எடுத்ததில்லை. அந்த வரியை நீங்கள் திருத்த வேண்டும்.

உண்மை பேச உட்கார்ந்துவிட்டு, பாதியில் எழுந்து போவது எனக்கு அழகல்ல. மிச்சத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று தீயணைப்பு வண்டியிலிருந்து இறங்கியவர் என்னிடம் கேட்டார்: "பெரியவரே, உள்ள போக வேற வழி ஏதாச்சும் இருக்கா?"

நான் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்த பன்னிரண்டு பேரும் அந்தக் கதவு மூடிய பிறகு சேர்ந்தவர்கள். அங்கே ஒரு கதவு இருப்பது அவர்கள் யாருக்கும் தெரியாது. பலகைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு தட்டு. தம்பி மரச் சுத்தியலால் தட்டுகிறான். தண்ணீர் இயந்திரத்தின் இரைச்சலில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

"இல்லை" என்றேன். "பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாசல்தான்."

தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு இல்லை.

கோடரியோடு ஓர் ஆள் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். ஆனால் நீங்களும் பிள்ளையாகப் பிறந்தவர்தானே, சொல்லுங்கள். அத்தனை பேர் பார்க்க, நடுத்தெருவில், அப்பாவின் பெயர் மேல் கோடரி விழுவதை எந்த மகன் பார்த்துக்கொண்டு நிற்பான்?