மூலையில் அடி என்று சொன்ன குரல்

என் பதிவுப் பெயரும் அடையாள எண்ணும் இந்தத் தாளின் தலைப்பில் எழுத்தரால் குறிக்கப்பட்டுள்ளன. வேலை செய்யும் இடங்களில் என்னை வயர்காரர் என்றே கூப்பிடுவார்கள். வயது நாற்பத்து மூன்று. சலவைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், படியேறியதும் இடப்பக்கத்து வீட்டில் மனைவியோடு குடியிருந்து வருகிறேன். அலுவலகங்களின் கூட்ட அறைகளில் கான்ஃபரன்ஸ் போன், கேமரா, திரை, கூரை மைக் ஆகியவற்றைப் பொருத்திக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என் மனைவிக்கும் அதே நிறுவனத்தில் அதே வேலை. எங்களுக்குத் திருமணமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்தச் சம்பவத்தில் விசாரணைக்காக நிலையத்தில் உட்கார வைக்கப்பட்டிருப்பவள் அவளே.

ஓர் அலுவலகத்தின் இரண்டு கட்டிடங்களுக்கு இடையே காணொளிக் கூட்டம் நடத்த வசதி செய்வதென்றால், ஒரு முனையில் ஒருவரும் மறுமுனையில் ஒருவரும் இருந்து பேசிப் பார்க்க வேண்டும். எங்கள் முதலாளி எப்போதும் எங்கள் இருவரையுமே அனுப்புவார். கணவன் மனைவி என்றால் யார் பேசியது யாருக்குக் கேட்கவில்லை என்ற தகராறை அவர்களே வீட்டில் போய்த் தீர்த்துக்கொள்வார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வார்.

சம்பவத்தன்று வாராந்திர விடுமுறை. நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் உள்ள தலைமை அலுவலகத்திலும், என் மனைவி அந்தப் பக்கம் உள்ள கிளை அலுவலகத்தில் மூன்றாம் தளத்துக் கூட்ட அறையிலும் காலை ஒன்பது மணி முதல் வேலை செய்தோம். கிளையில் அவளைத் தவிர இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவர் அந்த அலுவலகத்தின் மேலாளர். மற்றவர் கீழ்த்தளத்தில் இருந்த காவலாளி.

மேலாளருக்கும் என் மனைவிக்கும் முன்விரோதம் உண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை. அவர் நச்சரிக்கும் குணம் உள்ளவர் என்பது உண்மை. காலையிலிருந்து மேசையை மூன்று முறை நகர்த்தச் சொன்னார், ஒரு வயர்கூடக் கண்ணில் படக் கூடாது என்றார், திரை ஒரு விரற்கடை அளவு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார். அளந்து பார்த்தபோது சாய்ந்துதான் இருந்தது. ஆனால் என் மனைவி கூரை மைக்கைப் பொருத்த ஏணியில் ஏறிய போதெல்லாம் அவரே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே குறை சொன்னார். இதைத் திரையில் நான் பார்த்தேன்.

பிற்பகல் மூன்றரை மணிக்கு எல்லாம் பொருத்தி முடிந்தது. அதன் பிறகு எதிரொலி வருகிறதா என்ற சோதனை. இதற்கு அறைக் கதவு மூடியிருக்க வேண்டும், உள்ளே ஒருவர் உட்கார்ந்து விடாமல் பேச வேண்டும். அந்த அறையின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி, கதவும் கண்ணாடி. கதவு மூடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து திறக்க அட்டையைக் காட்ட வேண்டும். அந்த அட்டை மேலாளரின் சட்டைப் பையில் இருந்தது. என் மனைவி அவரை உட்கார வைத்துவிட்டு, நடைவழியின் கோடியில் கருவிகள் உள்ள அலமாரிக்குப் போனாள்.

மேலாளருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. மனதில் வருவதைப் பேசுங்கள் என்று நான் திரையிலிருந்து சொன்னேன். முதலில் அலுவலகத்தில் எத்தனை நாற்காலிகள், எத்தனை மின்விசிறிகள் என்று வரிசையாகச் சொன்னார். அது தீர்ந்ததும், தான் மூன்று வாரமாக நீச்சல் கற்றுக்கொள்வதாகச் சொன்னார். வயது ஐம்பத்தேழு ஆகிறதென்றும், கற்றுக்கொடுக்கும் பெண் தன் மகளைவிட இளையவள் என்றும், "தண்ணிக்குள்ள தலைய வைங்க சார்னு அந்தப் பொண்ணு அதட்டுது, எனக்கு அது பிடிச்சிருக்கு தம்பி, என்னை யாரும் அதட்டி ரொம்ப நாளாச்சு" என்றும் சொன்னார். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது, ஒரு முழு நீளம் நீந்தியதும் மனைவியைக் கூட்டிப்போய்க் காட்டப் போகிறேன் என்றார். அவர் முகம் அப்போது காலையில் பார்த்த முகமாக இல்லை.

அடுத்த வார்த்தையைத் தொடங்கியவர் பாதியில் நின்றார். இடது தோளைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். முன்பக்கமாகச் சரிந்ததில் நெற்றி மேசை விளிம்பில் பட்டது. மேசைமேல் இருந்த கான்ஃபரன்ஸ் போனும் அவரோடு கீழே விழுந்து உடைந்தது. அதில் இருந்த ரத்தம் அவருடைய நெற்றி ரத்தம். அதைக் கொண்டு அவரை யாரும் அடிக்கவில்லை. அந்தக் கேமரா பேசுகிறவர் முகத்தைத் தானாகத் தேடிப் பிடிக்கும் வகையைச் சேர்ந்தது. அவர் விழுந்ததும் அது முகத்தைத் தேடி இங்கும் அங்கும் திரும்பிவிட்டு, கடைசியில் காலி நாற்காலியில் நின்றது. நான் அதைக் கையால் இயக்கிக் கீழே திருப்பினேன். அவர் அசையவில்லை. நேரம் மூன்று ஐம்பத்திரண்டு.

உடனே அவசர எண்ணுக்குப் பேசி ஆம்புலன்ஸ் கேட்டேன். அதன் பிறகு என் மனைவியின் கைப்பேசிக்கு மூன்று முறை அழைத்தேன். அவள் எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்று கேட்கப்பட்டதால் சொல்கிறேன். நான்கு நாட்களுக்கு முன் வேறோர் அலுவலகத்தில், அவள் வயர்களில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகள் கோணலாக இருக்கின்றன என்று சொல்லி, அங்கிருந்த வாடிக்கையாளர்களின் முன்பாகவே அவற்றை உரித்துப் போட்டேன். தெரியாத வேலையை ஏன் செய்கிறாய் என்றும் கேட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்ததில் அவள் ஒட்டியிருந்த வரிசைதான் சரி. அன்று முதல் அவள் என்னோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை. வேலைப் பேச்சும் கருவி வழியாகத்தான். என் அழைப்பு வந்ததைப் பார்த்தும் கைப்பேசியைப் பைக்குள் திருப்பி வைத்ததாக அவளே தன் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறாள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். தவறு என்னுடையது.

அதன் பிறகு, என் முனையிலிருந்தே அந்த அறையின் கூரை ஸ்பீக்கர்களின் ஒலி அளவை நூறுக்கு ஏற்றினேன். கூட்டங்களில் நாற்பதுக்கு மேல் யாரும் வைப்பதில்லை. வைத்துவிட்டு "வாயாடி" என்று கத்தினேன். காவலாளி தன் வாக்குமூலத்தில் ஓர் ஆண் குரல் அந்தப் பெண்ணைக் கேவலமாகத் திட்டியதாகக் கூறியிருக்கிறார். அது திட்டு அல்ல. வீட்டில் நான் அவளைக் கூப்பிடும் பெயர். நான்கு நாட்களாகக் கூப்பிடவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அவள் ஓடி வருவது திரையில் தெரிந்தது.

அவள் கதவை இழுத்துப் பார்த்தாள், தோளால் முட்டினாள். காலையில் கழற்றிய பழைய திரையின் இரும்புச் சட்டம் நடைவழிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்துக் கதவுக் கண்ணாடியின் நடுவில் இரண்டு முறை அடித்தாள். அந்த வகைக் கண்ணாடியை நடுவில் எவ்வளவு அடித்தாலும் உடைவது அரிது, ஓரத்திலும் மூலையிலும்தான் அதற்குப் பலம் குறைவு. ஆகவே நான், "நடுவுல வேண்டாம், மூலையில அடி, இன்னும் ஓங்கி அடி" என்று சொன்னேன். காவலாளி படியில் கேட்டது இதைத்தான். மூன்றாவது அடியில் கண்ணாடி முழுவதும் பொடிப்பொடியாகக் கொட்டியது. சட்டம் நழுவி அவளுடைய வலது உள்ளங்கை கிழிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

மேலாளரைப் புரட்டிப் படுக்க வைத்து, மூச்சு இல்லை என்று சொன்னாள். நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து அமுக்கச் சொன்னேன். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கப்பட்டது. நான் எந்த வகுப்பிலும் சேர்ந்து படித்தவன் அல்ல. சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனையின் பயிற்சிக் கூடத்துக்குத் திரையும் மைக்கும் பொருத்தினேன். அங்கே மூன்று நாட்கள் அதே முதலுதவிப் பாடத்தை மூன்று கூட்டத்தாருக்கு நடத்தினார்கள். ஒலி சரியாகப் போகிறதா என்று பார்ப்பதற்காக மூன்று முறையும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு நான் எண்ண, அவள் அமுக்கினாள். "அழுத்தி அமுக்கு, விடாத, அப்படியே அமுக்கு" என்று நான் சொன்னது உண்மை. காவலாளி வந்து உடைந்த கண்ணாடியருகில் நின்றது இந்த நேரத்தில்தான். கீழே விழுந்து கிடக்கும் ஆளின் நெஞ்சின் மேல் ரத்தக் கையோடு ஒரு பெண், அமுக்கு அமுக்கு என்று கூரையிலிருந்து ஒரு குரல் என்றால் யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். அவரைக் குற்றம் சொல்லவில்லை. லிப்டைக் கீழே கொண்டுபோய் ஆம்புலன்ஸ்காரருக்காகப் பிடித்து வையுங்கள் என்று அவரிடம் சொன்னேன். கூரை தன்னோடு பேசியதும் அவர் படிவழியாக ஓடிவிட்டார். காவல்துறைக்குத் தகவல் கொடுத்தவர் அவர்.

ஆம்புலன்ஸ் நான்கு மணி ஆறு நிமிடத்துக்கு வந்தது. அதுவரை ஏறக்குறைய பத்து நிமிடங்கள் என் மனைவி நிறுத்தவில்லை. நடுவில் ஒரு முறை மட்டும், "என்னால முடியலங்க" என்றாள். "எனக்குத் தெரியும், இன்னும் முப்பது, நான் கூடவே எண்ணுறேன்" என்றேன். அந்த முப்பதுக்குப் பிறகும் அதையே சொன்னேன். எத்தனை முப்பது என்று நினைவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு எண்ணுவதைத் தவிர என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை.

அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அவள் திரைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நான் அவளிடம் கையைத் துணியால் கட்டச் சொன்னேன். பெயர்ச்சீட்டு விஷயத்துக்கு மன்னிப்பும் கேட்டேன். அவள், "மொதல்ல சத்தத்தக் கொறைங்க, காது ரெண்டும் போயிடும் போல இருக்கு" என்றாள். அப்போதுதான் அளவு நூறிலேயே இருந்தது தெரிந்தது. மன்னிப்பு மூன்று தளங்களுக்கும் கேட்டிருக்கும். குறைத்தேன். அதன் பிறகு காவலர்கள் வந்தார்கள்.

நடந்தது எதுவும் கருவியில் பதிவாகவில்லை. சோதனையின்போது பதிவு செய்வதில்லை என்பது எங்கள் வழக்கம். ஆனால் இணைப்பு எப்போது தொடங்கியது, ஒலி அளவை எந்த முனையிலிருந்து எந்த நிமிடத்தில் யார் மாற்றினார்கள் என்ற குறிப்பு கருவிக்குள் இருக்கும். அதை அச்செடுத்து இத்துடன் ஒப்படைக்கிறேன். மேலாளர் இன்னும் கண் விழிக்கவில்லை என்று அறிகிறேன். அவர் விழிக்கும் வரை இந்தச் சம்பவத்தைக் கண்ணால் கண்ட சாட்சி நான் ஒருவன்தான். அவளுடைய கணவன் என்பதால் என் சொல்லை நீங்கள் ஐயப்படலாம். அதற்காக ஒன்றையும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

கூடுதல் வாக்குமூலம், மூன்றாம் நாள்:

மேலாளர் நேற்றுக் காலை கண் விழித்து, தன் மனைவியும் ஆய்வாளரும் இருக்கும்போதே நடந்ததைச் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தெரிவிக்கப்பட்டது. அதன் பிறகு அனுமதி பெற்று அவரைப் போய்ப் பார்த்தேன். என் குரலைக் கேட்டதும் தலையைத் திருப்பினார். "நீங்கதானா அது? மேல இருந்து ஒருத்தர் எண்ணிக்கிட்டே இருந்தார் தம்பி. சரி, போய்ச் சேந்துட்டோம், இங்கயும் ஆள் கணக்கு எடுக்கறாங்கன்னு நெனச்சேன்" என்றார். அவருடைய மனைவி கட்டிலருகில் உட்கார்ந்திருந்தார். நீச்சல் விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது. மருத்துவர் அனுமதித்த பிறகு தானும் சேரப் போவதாக அந்த அம்மா சொன்னார். நீச்சலைப் பற்றி இங்கே சொல்ல மேலாளர் சம்மதித்திருக்கிறார்.

தாக்குதல் புகார் இதனால் கைவிடப்பட்டது. கட்டிட உரிமையாளர் கொடுத்த, கண்ணாடியையும் பூட்டையும் சேதப்படுத்தியதாக உள்ள புகார் மட்டும் நிற்கிறது. உடைக்க முடிவு செய்தவர் எவரோ அவரை வேலையை விட்டு நிறுத்த வேண்டும் என்று உரிமையாளர் எங்கள் முதலாளிக்கு எழுதியிருப்பதாகத் தெரிகிறது.

இது தொடர்பாக என் மனைவி கொடுத்த வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதில் எல்லாம் உண்மை, கடைசிப் பத்தியைத் தவிர. காவலாளி வரும்வரை பொறுத்திரு என்று நான் சொன்னதாகவும், தானே என் சொல்லை மீறிக் கண்ணாடியை உடைத்ததாகவும் அதில் கூறியிருக்கிறாள். நான் அப்படிச் சொல்லவில்லை. உடைக்கச் சொன்னது நான், எங்கே அடிக்க வேண்டும் என்று சொன்னதும் நான். காவலாளி கேட்டது என் குரல். நடவடிக்கை எடுப்பதானால் என் மீது எடுக்க வேண்டும். எட்டு ஆண்டுகளில் அவள் என்னிடம் ஒரு பொய் சொல்லி நான் அறியேன். இது எனக்காகச் சொன்னது.

அந்த வாக்குமூலத்தின் அடியில் உள்ள கையொப்பம் பதிவேட்டில் உள்ள கையொப்பத்தோடு பொருந்தவில்லை என்று எழுத்தர் கேட்டார். வலது கையில் ஏழு தையல் போட்டிருப்பதால் இடது கையால் இட்டிருக்கிறாள். எழுத்துகள் கோணலாக இருந்தாலும், வரிசையாக, ஒன்று விடாமல் இருக்கின்றன. அது என் மனைவியின் கையொப்பம்தான் என்று அடையாளம் காட்டுகிறேன்.

இதுவரை எழுதியதை எழுத்தர் உரக்க வாசிக்க நான் கேட்டேன். இதிலுள்ளவை நான் கண்டவை, நான் பேசியவை, நான் செய்தவை. யாருடைய தூண்டுதலும் இன்றிச் சொல்லி, கீழே என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)