கழுத்தின் இடப்பக்கம்

மணி பத்தே முக்கால். கிடங்குகள் மட்டுமே நிற்கும் தெரு. ஆள் நடமாட்டம் கிடையாது. கடைசிக் கட்டடத்தில் ஒரு ட்யூப்லைட் விட்டு விட்டு எரிகிறது. உள்ளே வரிசையாகப் பொம்மைகள்... ஜவுளிக்கடையில் துணி மாட்டி நிறுத்துவார்களே, அந்த ஆளுயரப் பொம்மைகள். தலையில்லாதவை, கையில்லாதவை. நடுவில் உயிரோடு ஒருத்தி. நம்மோடு விடுதியில் இருந்தாளே, அவளுடைய பெரிய அத்தை. இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது.

பட்டறையில் முகம் வடிப்பது அவள் வேலை. களிமண்ணில் முகம் பிடித்து, அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பாள். அச்சில் ஃபைபர் பூசி வார்ப்பது மற்றவர்கள் வேலை. ஆனால் அன்று அவள் வடித்தது கடைக்கான முகமில்லை. புற்றுநோயில் போன தங்கையின் முகம். போய் ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது.

தங்கைக்குக் கழுத்தின் இடப்பக்கம் பட்டாணி அளவில் ஒரு கட்டி வந்தது. "நெறி கட்டியிருக்கு, தானா கரைஞ்சிடும்" என்று டாக்டர் எட்டு மாதம் மாத்திரை எழுதினார், ஒருநாள்கூடத் தொட்டுப் பார்க்காமல். அந்த ஆள் இன்றைக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறார். அவரை விடுங்கள். அக்காவான இவளும் ஒருநாள் சொல்லியிருந்தாள்: "ஒண்ணுமில்லடி, போய்ப் படு." அதுதான் இவளை விடவில்லை.

அதனால்தான் இந்தத் தலை. முடி கொட்டி, குரல் போய், வற்றிக் கிடந்தவளை அல்ல. நோய் தொடாத தங்கையை ஒரு தடவையாவது முழுசாக நிறுத்திவிட வேண்டும். "கடைப் பொம்மைக்கெல்லாம் கத்தி மூக்கு வைக்கிற, கூடப் பொறந்தவளுக்கு மட்டும் உருளைக்கிழங்கா?" என்று கேலி செய்வாளாம் தங்கை. அந்த உருளைக்கிழங்கு மூக்கு அப்படியே வந்திருந்தது. கழுத்து வழவழவென்று இருந்தது. ஈரத்துணி சுற்றி, பாலிதீன் மூடி, வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் இரவு துணியை அவிழ்த்தால்... இடப்பக்கம் பட்டாணி அளவு ஒரு மேடு.

மண்ணில் காற்று நின்றால் இப்படி வரும். வழித்து எடுத்தாள். அடுத்த நாள் அதே இடம், கோலிகுண்டு அளவு. கம்பியால் சுரண்டினாள். க்ரீச்... மண் அப்படிச் சத்தம் போடாது. உள்ளே வெளுத்துப்போய், கெட்டியாக, வேரோடியிருந்தது. பட்டறையில் எப்போதும் ஃபைபருக்குக் கலக்கும் ரெசின் பிசின் நாற்றம்தான் மூக்கைத் துளைக்கும். அன்று வார்டு வாடை... பினாயிலும் பழைய ரத்தமும். மூன்றாம் இரவு முட்டை அளவு. தோண்டத் தோண்டக் கழுத்துதான் மெலிந்தது, கட்டி மெலியவில்லை. ஆஸ்பத்திரியிலும் அவள் இதைத்தான் பார்த்தாள்.

மண்ணாக இருந்தால்தானே வளரும்? கழுத்தை மறுபடி கட்டி, சுத்தமாக வழித்து, கை ஈரம் காயுமுன் பிளாஸ்டரை ஊற்றினாள். அச்சு இறுகியது. உள்ளே விரல் விட்டுத் தடவினாள். வழவழப்பு. பேர்கூட எழுதாமல் மற்ற அச்சுகளோடு அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவள் காய்ச்சலில் படுத்தாள். ஐந்து நாள்.

திரும்பி வந்தபோது அந்த அச்சு அங்கே இல்லை.

"ஜவுளிக்கடை ஆர்டர் அவசரம்மா. புது அச்சு நல்லா இருந்துச்சு, அதுலயே பன்னிரண்டு போட்டு நேத்தே அனுப்பியாச்சு. மூக்கு புதுசா இருக்குன்னு முதலாளியே சொன்னாரு," என்றார் வார்ப்புக்காரர். பெருமையாகத்தான் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்?

அன்று இரவே கடையிலிருந்து ஃபோன். பொம்மைகளில் ஏதோ குறை, ஆள் அனுப்புங்கள் என்று. இவளே போனாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. விற்பனைப் பெண் ஒருத்தி மட்டும் காத்திருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகத் தங்கைகள்... பன்னிரண்டு பேர். புதுத் துணி, புது விக். ஒவ்வொருத்திக்கும் இடக்கழுத்தில் ஒரு மேடு.

பையிலிருந்து அரத்தை எடுத்தாள். ஒன்றைத் தேய்த்து நிமிர்ந்தால் அடுத்தது பெருத்திருந்தது. அதைத் தேய்த்தால் முதலாவது. பன்னிரண்டு கழுத்து, இரண்டு கை. ஒரு கட்டத்தில் அரம் நழுவித் தரையில் விழுந்தது... டங். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் என்னடி பண்ணுவேன்," என்று கேட்டாளாம், அத்தனை பேரையும் பார்த்து.

விற்பனைப் பெண்தான் மெல்லத் தோளைத் தொட்டாள்.

"அக்கா... அந்தப் பக்கமும் கொஞ்சம் வந்து பாருங்க."

குழந்தைகள் பிரிவு. மூன்றடிப் பொம்மைகள். இவர்கள் பட்டறையில் செய்தவை அல்ல. வேறு எங்கிருந்தோ வந்து மூன்று வருடமாக அங்கேயே நிற்பவை. பள்ளிச் சீருடை மாட்டிய ஒன்றின் காலரை அந்தப் பெண் விலக்கினாள்.

அக்கா விரல் வைத்தாள். பட்டாணி அளவுதான். அழுத்தியதும்... அந்த இறுகிய ஃபைபருக்கு அடியில், மெதுவாக நழுவி உருண்டது.