கிளி மாட்ட ஒரு சுவர்

கனி: ஆணிய இங்கன அடிக்கட்டுமா? ஏட்டி ஆசியா, பாத்துச் சொல்லு.

ஆசியா: கூடத்துல வேண்டாம்னு எத்தன தடவ சொல்லுதது? உள் ரூமுல மாட்டுங்க.

கனி: உள்ள இருட்டுல்லா. தஸ்மியாவுக்குக் கட்டிலு இங்கனதான போட்டுருக்கோம். படுத்துக்கிட்டே பாக்கணும்லா, அவ வரஞ்ச கிளிய.

ஆசியா: கட்டிலயும் உள்ள தூக்கிப் போட்டாப் போச்சு.

கனி: அங்கன கெடந்தா புழுங்கியே செத்... சீ. சும்மா வாயில வந்துட்டு. புள்ளைக்கு வேர்த்து ஊத்தும்.

ஆசியா: நான் ஒண்ணும் சொல்லலியே. ஃபேன் இருக்குல்லான்னு நெனச்சேன்.

கனி: அது ஓடுத லட்சணம் ஒனக்குத் தெரியாதாக்கும்? மூத்தவன் ரசீது இப்பதான் போன் போட்டான். கார் கோவில்பட்டி தாண்டிட்டாம். தங்கச்சி பின்சீட்டுல தூங்குதாளாம். நம்ம ரெண்டு பேரும் முந்தி பஸ்ஸேறி வந்ததே இதுக்குத்தான? அவ படியேறுமுன்ன படம் செவத்துல ஏறிரணும்.

ஆசியா: இந்த வீட்டுல உசுருள்ளது படம் தொங்கப்படாதுன்னு சொன்னது ஆரு? அல்லா அனுப்புத வானவங்க, மலக்குமாரு, வாசல்லயே திரும்பிருவாங்கன்னு சொன்னது ஆரு? ரசீது கல்யாண போட்டோவையே பீரோவுக்குள்ள பூட்டி வச்ச மனுசன்...

கனி: நாந்தான். இல்லேன்னா சொன்னேன்?

ஆசியா: பொறவு?

கனி: மதுரையில, அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்துக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'வாப்பா, நான் வரும்போது எங்கிளி செவத்துல இருக்குமா'ன்னு. இருக்கும்னுட்டேன்.

ஆசியா: படத்தக் காட்டுங்க.

கனி: பாரேன், கிளி பக்கத்துல பழம் வச்ச இந்தத் தாலம் ஒனக்கு ஒங்க வீட்டுல குடுத்ததுதான? நெளிசல் மொதக்கொண்டு வரஞ்சு வச்சிருக்கா.

ஆசியா: மாம்பழம், நுங்கு, மாதுளன்னு அடுக்கி வச்சுட்டு ஒருத்தரையும் தொடவிடலியே. நீங்க பைய வந்து ஒரு மாம்பழத்தத் தின்னுட்டீங்க.

கனி: பசிச்சுதுட்டி. அதுக்குப் பதிலா வெள்ளரிக்கா வச்சேன்லா?

ஆசியா: மாம்பழத்துக்குப் பதிலா வெள்ளரிக்கா! அதையும் வரஞ்சிருக்கா பாருங்க. கிளி அதத்தான் மொறைக்கி.

கனி: முன்ன வெள்ளக்காரன் சீமையில மேசையும் பழமுமா வரைவானுவளாம். பக்கத்துல ஒரு கிளி இருந்தா, அந்த வீட்டுக்காரனுக்குக் கப்பல் ஓடுதுன்னு அர்த்தமாம். சொல்லுவாள்லா?

ஆசியா: நமக்கு எங்க கப்பல் ஓடுது?

கனி: மேலப்பாளையத்துக் கறிக்கடைக்காரனுக்கு எக்ஸல் வண்டிதான் கப்பல்.

ஆசியா: பெரிய புஸ்தகம் ஒண்ணு வச்சுப் படிப்பாளே, பழைய காலத்துக் கிளிப்படமா... அதெல்லாம் செத்த கிளியாம்லா?

கனி: நெறையா அப்படித்தானாம். சுட்டு, பஞ்சடைச்சு, கம்பி குடுத்து நிமித்தி வச்சுக்கிட்டு, உசுரோட இருக்காப்ல வரைவானுவளாம். அது இவளுக்கு ஆகாது. 'நான் உசுரோட இருக்கதத்தான் வரைவேன்'னு ஆத்தங்கரை மருதமரத்தடியே கதின்னு கெடந்தா.

ஆசியா: வெயில்ல கறுத்துப்போயி வருவா...

கனி: கம்பியும் குழாயுமா அவள அந்தக் கட்டில்ல பாத்தப்போ எனக்கு... சரி விடு.

ஆசியா: குழாயெல்லாம்தான் எடுத்தாச்சுல்லா.

கனி: எடுத்தாச்சு.

ஆசியா: ஒங்களத் தனியாக் கூப்பிட்டுப் பேசுனாரே டாக்டரு. என்ன சொன்னாரு?

கனி: அன்னைக்கே சொன்னேன்லா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, புடிச்சதக் குடுங்கன்னாரு. தேறிட்டான்னுதான அர்த்தம்?

ஆசியா: ஆமா... தேறிட்டா. நோன்புக்கு எந்திரிச்சு அவளே கஞ்சி காச்சிருவா.

கனி: காச்சுவா. உப்பு போடாம.

ஆசியா: ஏங்க... கூடத்துலதான்னா, கிளி கழுத்துல, அறுத்தாப்ல ஒரு கோடு இழுத்துட்டு மாட்டுங்க. உசுரில்லாத கணக்கு ஆயிரும்லா. எங்க வாப்பா பிஸ்கோத்து டப்பாவுல இருக்க பொம்மைக்குக்கூட அப்படித்தான் இழுப்பாங்க. இந்தாங்க பேனா.

கனி: குடு.

ஆசியா: ...என்ன நிக்கீங்க?

கனி: கழுத்துல ஏற்கெனவே கோடு கெடக்குட்டி, கருப்பா. வரஞ்ச அன்னைக்கே சொல்லிச் சிரிச்சா. 'படைச்சவனே இதுக்குக் கோடு போட்டு அனுப்பிட்டான் வாப்பா, நீங்க மெனக்கெட வேண்டாம்'னு.

ஆசியா: அது கிளிக்குப் பொறவியிலயே உள்ளது. நீங்க போடுங்க... பேனாவ ஏன் மூடுதீங்க? விடியுமுன்ன ஆட்டுக் கழுத்துல கத்தி வைக்கிற கையி...

கனி: ஆட்டுக்கு அல்லா பேரால பிஸ்மி சொல்லிட்டு வைப்பேன். எம்மவ கிளிக்கு என்னத்தச் சொல்லிட்டு வைக்க? என்னால ஆகாது. நீயே போடு.

ஆசியா: பெத்தவ நான் போடுவேனா?

கனி: அப்போ கோடும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நான் உள்ள போயித் தொழுதுக்கிடுதேன். வாரவன் போறவன் பேசுனா பேசட்டும். சுத்தியல எடு.

ஆசியா: கூடம் வேண்டாங்க... ஒங்களக் கையெடுத்துக் கும்புடுதேன்.

கனி: எதுக்குட்டி அழுத? புள்ள வாற நேரத்துல... ஒனக்கும் இந்தக் கிளி புடிக்கும்லா. கூடத்துச் செவரு ஒன்னைய என்ன செஞ்சுது?

ஆசியா: டாக்டரு ஒங்கள்ட்ட சொன்னத ரசீது எங்கிட்டயும் சொல்லிட்டான்.

கனி: ...என்னத்த?

ஆசியா: நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம், நானும் கேக்கல. நாளைக்கு அவளக் குளிப்பாட்டி வெள்ளத்துணி சுத்திக் கொண்டாந்து இந்தக் கூடத்துலதான கெடத்துவாங்க... யாசீன் ஓத ஆளு வருமுன்ன, கிளியக் கழத்துங்கன்னு ஆராச்சும் சொல்லுவாங்க. அவ கெடக்கும்போது அத எறக்க ஒங்க கையாலயும் ஆகாது, எங்கையாலயும் ஆகாது. உள்ளயே மாட்டிருங்க.