மறுப்புச் செய்தி

— நான் எழுதினது நெசம்தானே நைனா?

— நெசம் இல்லேன்னு யாரு சொன்னாங்க? நெசத்த ஏன் பேப்பர்ல போட்டேன்றதுதான் பஞ்சாயத்து.

— நான் போடல. பத்திரிகைப் பாடத்துக்கு, உங்க ஊர்ல நடந்தத செய்தியா எழுதுங்கன்னாரு சாரு. எழுதிக் குடுத்தேன். அவரு எனக்கே சொல்லாம மெட்ராஸ் பேப்பருக்கு அனுப்பிட்டாரு.

— பள்ளிக்கூடம் முடிஞ்சுதுன்னு பாத்தா, ப்ளஸ் டூன்னு புதுசா ரெண்டு வருசம். அதுல இதான் பாடமா? பனி கொட்டற தேசத்துக் கதையப் படிச்சுக்கினு கெடந்தப்பவே நெனச்சேன் பூவு.

— பேரு போடாம எழுதினா அது செய்தியே இல்ல, மார்க்கு சைபருன்னாரு.

— அதுக்கு ஊருக்கே தலைவரு, நாட்டார் மவன் பேருதான் ஆப்புட்டுதா ஒனக்கு?

— கெங்கம்மா அத்த பாட்டுல, அவங்க மொறை நாள்ல, வலை போட்டது அவன்தானே. இன்ன நாளு இன்னார் வலைதான்னு ஊரே கூடி சீட்டு எடுக்குது. அன்னிக்கு அந்தத் தண்ணி அத்தையோடது. ஆம்பள இல்லாத ஊடுன்னா மொறை மாறிடுமா?

— மாறாது. ஆனா ஏரி விசயம் ஏரியோட இருக்கணும். பேப்பருக்குப் போனா நாளைக்குக் கண்டவனும் வந்து நம்ம தண்ணில நிப்பான். எனக்கு இனிமே பாடே கெடையாதுன்னுட்டாங்க. படகு குப்புறக் கெடக்குது, பாத்தியா?

— பொய்யின்னு எழுதிக் குடுத்தா உட்ருவாங்களா?

— அதே பேப்பர்ல வரணுமாம்.

— அதுக்குப் பேரு மறுப்புச் செய்தி. அடுத்த பாடமே அதான்.

— சிரிக்காத.

— சிரிக்கல நைனா. அப்புறம் நான் எழுதறத யாரு நம்புவாங்க? இங்கேருந்து வெளிய போவ எனக்கு இந்த ஒரு வழிதான் கீது.

— நான் உன்ன எழுதச் சொல்லல. சொல்லாமலும் இருக்க முடியல.

— அத்தையக் கேளு. அவங்க என் பக்கம் நிப்பாங்க.

— அதோ அவளே வர்றா. வா கெங்கம்மா, நீயே சொல்லு.

— பொண்ண ஏண்ணே மெரட்டிக்கினு கீற? பூவு, நீ ஒண்ணும் பொய் எழுத வேணாம்.

— கேட்டியா நைனா?

— நாட்டார் ஊட்டுலேருந்துதான் வர்றேன். என் பாட்ட நான்தான் அவரு மவனுக்கு வுட்டுக் குடுத்தேன், இந்தப் பொண்ணுக்கு அது தெரியாதுன்னு சொல்லிட்டேன்.

— நீ குடுக்கலியே அத்தே.

— குடுக்கல. நானும் இந்தக் கரையிலதான கெடக்கணும். உங்க நைனாவும் தண்ணிக்குப் போவணும். அதையே காயிதத்துல எழுதிப் பேப்பர்காரனுக்கு அனுப்பணுமாம்; கைநாட்டு ஆவாதாம், கையெழுத்துதான் வேணுமாம். என் பேர எப்புடி எழுதறதுன்னு காட்டிக் குடு கண்ணு.