கொடிமேல் ஒட்டிய அம்பு

"படுங்கோ! நிலத்தோட படுங்கோ!"

அம்மாவின் குரல். மணலில் முகம் புதைக்கிறேன். மேலே நீண்ட சீழ்க்கை. ஒரு கணம் ஓசையில்லை. பிறகு வெடிப்பு. தம்பி என் பாவாடையைப் பற்றியிருக்கிறான். எழுந்து ஓடுகிறோம். மீண்டும் சீழ்க்கை. இம்முறை அம்மா கூவவில்லை. திரும்பிப் பார்த்தேன். அம்மாவும் தம்பியும் மணலில் கிடந்தார்கள்.

கடலோர நீரேரியைத் தனியே கடந்தேன். மறுகரையில் ஒரு சிப்பாய் தண்ணீர் நீட்டினான். அவன் எந்தக் கொடியின் கீழ் நின்றான் என்று நான் பார்க்கவில்லை. குடித்தேன். அப்போது ஒரு தாளையும் நீட்டியிருந்தால், ஊரையே எழுதிக் கொடுத்திருப்பேன். அவன் நீட்டவில்லை. அவ்வளவே.

ஈழத்திலிருந்து படகேறி வந்தவள் நான். இன்றும் அகதி. நெருப்பெரிச்சல் என்னும் ஊரில் ஒரு பனியன் நிறுவனத்தில் செக்கிங் மேசையில் நிற்கிறேன். தையல் பிசகிய இடத்தில் சிவப்பு அம்புச் சீட்டு ஒட்டுவது என் பணி. அம்பு விழுந்த துணி கப்பலேறாது.

இந்த வாரம் வந்தவை வெள்ளைப் பனியன்கள். மார்பில் ஒரு வல்லரசின் கொடி. தொலைவில் ஒரு சிறு தீவு. அங்குள்ளோர் தம் கொடியை விட்டு இதன்கீழ் வர இசைந்தால், ஆளுக்கு இவ்வளவு என்று பணம் தருவார்களாம். பனியன் இலவசம். மேற்பார்வையாளர் சென்னியப்பன் கைப்பேசியில் படித்துச் சொன்னார்.

"நாட்டுக்கே காசுங்களா? நம்மூர்ல ஓட்டுக்குத்தானுங்க குடுப்பாங்க" என்றார் எதிர்மேசைச் சரசு.

சென்னியப்பன் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தானுங்க அக்கா லாபம். மாத்தறதுக்கு ஒரு நாடே இல்லீங்களே. சும்மா வாங்கிக்கலாம்."

மேசைகள் சிரித்தன. நானும் சிரித்தேன். "தந்தால் வாங்குவன்" என்றேன். பொய்யில்லை. அதுதான் சுடுகிறது.

குண்டு சம்மதம் கேட்பதில்லை. பணம் கேட்கிறது. இந்த வேறுபாடு பெரிது, மறுக்கமாட்டேன். வேண்டாம் என்று சொல்ல அத்தீவினருக்கு வாயுண்டு. ஆனால் தாகத்தில் நிற்பவரிடம் கேட்பது கேள்வியா? அவர்களுக்குத் தாகமுண்டா என்று நான் அறியேன். நீட்டுகிறவர் அறிந்திருப்பார். அங்கே மண்ணுக்குள் இருப்பவர்களுக்கு எவ்வளவு? அவர்கள் கிடக்கும் நிலமும் சேர்ந்துதானே கைமாறுகிறது?

கொடியின் நடுவே ஓர் அம்பை ஒட்டினேன். அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.

சென்னியப்பன் வந்து ஒன்றை விரித்தார். "தையல் சுத்தமா இருக்குதுங்களே அக்கா. என்ன டேமேஜுங்க?"

நானும் பார்த்தேன். அம்பின் கீழே நூல் ஒழுங்காக ஓடியிருந்தது.

"இந்தச் சரக்கு லாட்டு இன்னைக்கே ஏறோணுமுங்க. இல்லீன்னா நாம ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போக வேண்டியதுதான்."

பின்னால் நீராவி இஸ்திரி சீறியது. என் உடல் தானாகக் குனிந்தது. நிமிர்ந்தபோது விரல்கள் அம்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தன.

இழந்தவை இவை. அம்மா, பரமேசுவரி. தம்பி நிமலன், ஒன்பது வயது. கிணற்றோடு ஒரு வீடு. கட்டியபடியே விட்டுவந்த பசு ஒன்று. இவற்றைப் போர் கொண்டுபோயிற்று.

கொடிமேல் நான் அம்பு ஒட்டிய பனியன்கள், நாற்பது. அவற்றை நானே பிரித்தேன், நானே மடித்தேன், நானே தேறியது என்று அனுப்பினேன். ஒன்றிலும் குறையில்லை.