சர்சார்ஜ் பாக்கெட்

ராகவன்: ...ஜானு, டிவிகிட்ட வா. டெல்லியில பட்ஜெட் படிக்கறா. உன்னைப் பத்தித்தான் பேச்சு.

ஜானு: என்னைப் பத்தியா? காபி ஆத்திண்டிருக்கேன் அண்ணா.

ராகவன்: சர்சார்ஜை எடுத்துட்டாளாம்.

வேதா: போறும். தங்கைக்கு வெச்ச பேரும் நீங்களும். அப்படின்னா என்னன்னு எனக்கு இன்னும் சரியாத் தெரியாது.

ராகவன்: ஆடிட்டர் ஆபீஸ்காரன் பொண்டாட்டிக்குத் தெரியாதா? வரி மேல போடற வரி, வேதா. யுத்தம், வெள்ளம்னு எதையாவது சொல்லி, கொஞ்ச நாளைக்குத்தான்னு போடுவா. அப்புறம் எடுக்க மனசு வராது.

ஜானு: அதுக்கும் எனக்கும்...

ராகவன்: நம்மாத்துல பால் எத்தனை பாக்கெட்? எனக்கொண்ணு, உன் மன்னிக்கொண்ணு. மூணாவது சர்சார்ஜ். 'நாலு நாள் இருந்துட்டுப் போறேன் அண்ணா'ன்னு பெட்டியோட வந்து நின்னது யாரு?

வேதா: ஆத்துக்காரரைப் பறிகொடுத்துட்டு வந்தவளை இப்படியா...

ஜானு: இருக்கட்டும் மன்னி. வந்த நாள்லேர்ந்து கேக்கறதுதானே.

ராகவன்: இப்பதான் எடுத்துட்டாளே. நாளைலேர்ந்து ரெண்டு பாக்கெட் போறும். என்ன சொல்றே?

ஜானு: ...காபி ஆறிடும். குடிங்கோ.

ராகவன்: சக்கரை போடலையே நீ.

———

வேதா: வா ஜானு. உங்கண்ணா காரியம் பதிமூணு நாளும் கூட இருந்தே. நேத்து சுபம் ஆன கையோட ஹாஸ்டலுக்கு ஓடினே. இன்னிக்குக் கார்த்தால வந்து நிக்கறே.

ஜானு: வாசக்கதவுச் சாவி என்கிட்டயே தங்கிடுத்து மன்னி. குடுத்துட்டுப் போலாம்னு...

வேதா: அதுக்கா அசோக் நகர்லேர்ந்து மயிலாப்பூருக்கு?

ஜானு: பஸ் காலியா இருந்தது.

வேதா: அந்த பஸ் என்னிக்குடி காலியா வந்தது... ஏன் போனே ஜானு? பட்ஜெட் கேட்ட வாரமே பெட்டியைக் கட்டினே.

ஜானு: ஸ்கூலுக்குக் கிட்டக்கன்னு அப்பவே சொன்னேனே.

வேதா: நீ பாடம் சொல்லிக் குடுக்கற ஸ்கூல் இதோ பக்கத்துல, லஸ்ல இருக்கு. ஹாஸ்டல் அசோக் நகர்ல. இதுதான் கிட்டக்கவா?

ஜானு: ...அண்ணாவும் ஒண்ணும் கேக்கலையே.

வேதா: எங்கே கேக்கறது? நீ பெட்டியைத் தூக்கினப்போ மொட்டை மாடிக்குப் போனவர், உன் ஆட்டோ தெருவைத் தாண்டற வரைக்கும் இறங்கலை.

ஜானு: 'இரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வேதா: கேலிதான் வாயில வரும் அவருக்கு. மத்தது வராது.

ஜானு: நானாவது கேட்டிருக்கலாம் மன்னி. நிஜமாத்தான் சொன்னேளா அண்ணான்னு. கேட்டிருந்தா சிரிச்சிருப்பார்... கேக்கலை. இத்தனை சீக்கிரம் போயிடுவார்னு...

வேதா: அழாதே. ஆத்துல நான் ஒருத்தி அழறது போறும்.

ஜானு: சாவியை எங்கே வெக்கட்டும்?

வேதா: கையிலேயே வெச்சுண்டிரு. பால் பொங்கப் போறது பாரு.

ஜானு: அணைச்சுட்டேன்... மன்னி, இங்கே இன்னும் ரெண்டு பாக்கெட் பிரிக்காமக் கிடக்கே. யாரானும் வராளா?

வேதா: யார் வரப்போறா?

ஜானு: ஒருத்திக்கு எதுக்கு மூணு பாக்கெட்?

வேதா: நீ போன மறுநாளே ஆவின் கார்டை மாத்திடலாமான்னு கேட்டேன். 'எடுத்த சர்சார்ஜை மறுபடியும் போட்டுடுவா, பேசாம இரு'ன்னார். தினம் சாயங்காலம் உன் பாக்கெட்டை அவரே உறை குத்துவார். தயிர் தின்னுத் தின்னு எனக்கு ஜலதோஷம்... அவர் போனப்புறமும் நான் கார்டை மாத்தலை. இன்னிக்கும் மூணுதான் வந்தது.