முப்பத்தோராவது மெழுகு

தம்பி: அக்கா, மொதல்ல அந்த சாக்கக் கீழ வை. டீயக் குடி.

அக்கா: டீயில என்னடா வாசனை இது?

தம்பி: லாவெண்டர். கொஞ்சம்தான்...

அக்கா: டீ போடற பாத்திரத்துலயா மெழுகு உருக்கறே?

தம்பி: இல்லக்கா. மெழுகு உருக்கற பாத்திரத்துல டீ போட்டேன்.

அக்கா: அடப்பாவி!

தம்பி: சோயா மெழுகுதான். வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது.

அக்கா: அப்ப சோத்துலயும் ஊத்திக்கோ. ஜன்னல்ல, பிரிட்ஜ் மேல, வாஷிங் மெஷின் மேல... எத்தனை மெழுகுவத்திடா இருக்கு? சோபாவுல கூட ஒட்டுது!

தம்பி: நீ அன்னிக்கு மழைக்கோட்டோட உக்காந்து அந்த சோபாவ நனைச்சதுக்கு இது பரவாயில்ல.

அக்கா: எனக்குக் குளிரிச்சு.

தம்பி: ஒரு மணி நேரமா?

அக்கா: பேச்ச மாத்தாத. எத்தனை?

தம்பி: முப்பது. இது முப்பத்தொண்ணு. ஐயோ, ஆட்டாத! வாசனை உள்ள ஊற ரெண்டு வாரம் அசையாம இருக்கணும். நாளைக்குத்தான் முடியுது.

அக்கா: ரெண்டு வாரமா! எனக்கு ஆபரேஷன் ஆனப்பவே நாலு நாள்ல வீட்டுக்குத் துரத்திட்டாங்க. சரி, நேத்து கரண்ட் போச்சே, எதை ஏத்தினே?

தம்பி: ...போன் டார்ச்.

அக்கா: முப்பது மெழுகுவத்திய வச்சுக்கிட்டு!

தம்பி: இதெல்லாம் வெளிச்சத்துக்கு இல்லக்கா. வாசனைக்கு. சரியான சூட்டுல வாசனை எண்ணெய் விடணும். சூடு ஏறினா பறந்துடும், ஆறிட்டா சேராது. வீடியோவுல அந்தம்மா...

அக்கா: எந்தம்மா?

தம்பி: ஊத்தறதுக்கு முன்னாடி மூணு தடவ மூச்ச இழுத்து விடச் சொல்லுமே, அந்தம்மா.

அக்கா: விட்டியா?

தம்பி: மூணாவது மூச்சுல தும்மல் வந்துச்சு. மெழுகு பூரா அடுப்பு மேல.

அக்கா: போதும்டா சாமி. இன்னிக்கு எல்லாத்தையும் அள்ளிட்டுத்தான் போவேன்.

தம்பி: அள்ளறதுல நீ கெட்டிக்காரி.

அக்கா: என்ன, குத்திக் காட்டறியா?

தம்பி: அவ செத்து ஒரு மாசம் கூட ஆகல. நான் ஆபீஸ்லேருந்து வர்றதுக்குள்ள அவ துணி பூராத்தையும் யாருக்கோ குடுத்துட்டே. பீரோவுல வெறும் ஹேங்கர்தான் ஆடிட்டு இருந்துச்சு. உள்ளயும் நல்லா துடைச்சு வச்சிருந்தே.

அக்கா: உன் நல்லதுக்குத்தான்டா... பொண்டாட்டி துணிய மடியில வச்சுக்கிட்டு சாப்பிடாம உக்காந்திருந்தே.

தம்பி: சரி, விடு. இத மட்டும் மோந்து பாத்து சொல்லு. சரியா இருந்தா மிச்ச முப்பதையும் நானே சாக்குல போடறேன்.

அக்கா: மத்ததுல எல்லாம் 'அதிகாலை அமைதி', 'உள்ளொளி'ன்னு ஒட்டியிருக்கே. இதுல பேரே இல்ல?

தம்பி: மோந்து பாரேன்.

அக்கா: ...பாச்சை உருண்டை!

தம்பி: அப்புறம்?

அக்கா: பவுடர்... தையல் மெஷின் எண்ணெய்... எவனாவது மெழுகுவத்தியில போயி... டேய்.

தம்பி: கிட்ட வந்திருக்கா?

அக்கா: இன்னொரு தடவ குடு.

தம்பி: அவ பீரோவத் தொறந்தா வருமே, அதான். தச்ச கைய துடைக்காமலே தொறப்பா. நீ வர்றப்பல்லாம் அதுக்கே உங்களுக்குள்ள ஒரு சண்டை நடக்கும். உனக்கு மறந்திருக்காது.

அக்கா: எண்ணெய் ஒரு சொட்டு ஜாஸ்தி. பவுடர் இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கணும்.

தம்பி: அவ போயி எட்டு மாசம் ஆச்சு. சொட்டுக் கணக்கா சொல்றே?

அக்கா: ஞாபகம்தான்... டேய், நான் எல்லாத்தையும் குடுக்கல. அந்த சாம்பல் கலர் ஸ்வெட்டர்... என்கிட்டதான் இருக்கு. துவைக்கல. சண்டை போட ஆளில்லாம... திட்டணும்னா திட்டிடு.

தம்பி: தெரியும்க்கா. உள்ள அதப் போட்டுக்கிட்டு மழைக்கோட்டக் கழட்டாம உக்காந்திருந்தியே, அன்னிக்கே வாசனை வந்துச்சு. கேட்டா குடுத்துடுவே... அப்புறம் உனக்கு என்ன இருக்கும்? மறுநாள்தான் மெழுகு வாங்கினேன்.